மிளகும் மிளகாயும்



சரித்திர விடைத்தாள்களைத் திருத்துகையில், முதலாம் இராசராசன் காலத்துக் கோயில் மடைப்பள்ளியில் மிளகாய் அரைபட்டதாக மாணவன் ஒருவன் எழுதியிருக்கக் கண்டேன். இராசராசன் ஆண்டது 985 முதல் 1014 வரை. மிளகாயோ அக்காலத்தில் அமெரிக்கக் கண்டத்தை விட்டுப் புறப்படவே இல்லை. பையனைக் கடிந்து பயனில்லை; பெயரே அவனை ஏமாற்றிவிட்டது.

மிளகு, மலையாளக் கரையின் மழைக்காடுகளைத் தாயகமாகக் கொண்ட கொடி. முசிறித் துறையில் யவனர் பொன் கொடுத்துப் பெற்றது இதனையே. 408 ஆம் ஆண்டில் உரோமாபுரியை முற்றுகையிட்ட அலாரிக் கேட்ட திறைப் பொருள்களுள் 3,000 இறாத்தல் மிளகும் ஒன்று. மிளகாய்ச் செடியோ கத்தரி, தக்காளி ஆகியவற்றின் இனம். 1492 இல் வாசனைத் திரவியம் தேடி மேற்கே கப்பலோட்டிய கொலம்பசின் கூட்டத்தார் அதன் உறைப்பைக் கண்டு, மிளகின் பெயரையே சிறிது திரித்து அதற்கு இட்டனர். பின்னர் போர்த்துக்கேயர் அதனைக் கீழ்த்திசைக்குக் கொணர்ந்தபோது, தமிழரும் அவ்வாறே மிளகையும் காயையும் சேர்த்து 'மிளகாய்' என்றனர். நம் நாட்டிற் சிலர் 'கொச்சிக்காய்' என்பதில் கொச்சித் துறைமுகத்தின் பெயர் ஒலிக்கிறது.

சிங்களத்தில் நிகழ்ந்தது இன்னும் சுவையானது. மிளகைக் குறிக்கும் 'மரிச' என்ற வடசொல்லின் வழிவந்த 'மிரிஸ்' இன்று மிளகாய்க்கு உரியதாகிவிட்டது. மிளகு 'கம்மிரிஸ்', அதாவது ஊர் மிரிஸ், ஆயிற்று. விருந்தாளி வீட்டைப் பிடித்துக்கொள்ள, வீட்டுக்காரன் அடைமொழியோடு திண்ணைக்கு வந்த கதைதான்!

திப்பிலிக்கும் இவ்வாறு ஓர் இழப்பு உண்டு. அது மிளகின் நெருங்கிய உறவு. அதன் வடமொழிப் பெயராகிய 'பிப்பலி'யே கிரேக்கம், இலத்தீன் வழியாக ஆங்கிலத்தில் 'பெப்பர்' என மிளகுக்குப் பெயராயிற்று. முதலாம் நூற்றாண்டில் பிளினி எழுதியபோது ஓர் இறாத்தல் திப்பிலி 15 தினாரியம், கருமிளகு 4 தினாரியம். இன்று மேனாட்டுச் சமையலறைகளில் திப்பிலியை அறிந்தவர் சிலரே.

ஏட்டுச் சுவடிகளின் காலத்தை ஆராய்வோர்க்கு இவ்வேறுபாடு பெருந்துணை. மிளகாய் பேசப்படும் பகுதி, 16 ஆம் நூற்றாண்டுக்கு முற்பட்டதாக இருத்தல் இயலாது. பழைய நூலொன்றில் அது காணப்படின், பின்வந்தோர் கைவைத்திருக்கின்றனர் என்றே கொள்ளல் வேண்டும்.

மாணவனுக்கு அரைப் புள்ளி அளித்து, 'அரைபட்டது மிளகு' என ஓரத்தில் எழுதினேன். கோயில் அமுதுக்கு மிளகு அளந்த கணக்கு, சோழர் சாசனங்களிலேயே இருக்கிறதன்றோ?