மீட்கப்பெற்ற பெண்டிர்

டில்லி லாஜ்பத் நகரின் கடைத்தெருவுக்குச் செல்லும் நம் தமிழ்க் குடும்பத்தினர், அப்பகுதி அகதிகளுக்கென எழுந்த குடியிருப்பு என்பதை அறிந்திருப்பர். தேசப் பிரிவினையில் துணையிழந்த பெண்டிருக்காக அங்கே கஸ்தூரிபா நிகேதன் என்ற இல்லமும் அமைந்தது.

1947-இல் பஞ்சாபில் மூண்ட கலவரத்தின்போது பல்லாயிரம் பெண்கள் கவர்ந்து செல்லப்பட்டுப் பலாத்காரத்துக்கு ஆளாயினர். இந்துப் பெண், சீக்கியப் பெண், முஸ்லிம் பெண் என்ற வேற்றுமையைக் கயவர் பார்க்கவில்லை. இந்தியாவில் 50,000 முஸ்லிம் பெண்களும், பாகிஸ்தானில் 33,000 இந்து, சீக்கியப் பெண்களும் இவ்வாறு சிக்கியிருந்தனர் என்பது அரசாங்கம் கூறிய மதிப்பு. அவ்வாண்டு டிசம்பர் 6-ஆம் தேதி இரு நாடுகளும் மீட்பு ஒப்பந்தம் செய்துகொண்டன. அப்பணிக்குத் தலைமை பூண்டவர் மிருதுளா சாராபாய். லாகூர் முகாமில் உழைத்த கமலாபென் படேல், தாம் கண்டவற்றை நூலாக வெளியிடச் சுமார் முப்பது ஆண்டுகள் ஆயின. அவ்வளவு காலம் நெஞ்சில் பாரமாய்க் கிடந்த செய்திகள் அவை.

மீட்டது ஒரு பாதி வேலை. வீட்டில் சேர்ப்பது மறுபாதி. மகளே திரும்பி வந்தபோதும் கதவடைத்த பெற்றோர் உண்டு. இப்பெண்கள் மாசற்றவர்கள், அவர்களை மதிப்புடன் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று காந்தியடிகளும் நேருவும் மன்றாட வேண்டியிருந்தது. ஏற்பார் இல்லாதவர்க்கு ஜலந்தரின் காந்தி வனிதா ஆசிரமம் போன்றவை நிழல் தந்து, தொழில் கற்பித்து, சிலருக்கு மணமும் முடித்துவைத்தன.

ஆனால் அந்தப் பெண்ணைக் கேட்டார்களா? 1949-இல் இயற்றிய சட்டம், ஆணைப்பத்திரமின்றி அவளைப் பிடித்து முகாமில் வைக்கப் போலீசாருக்கு அதிகாரம் அளித்தது. அவள் எந்த நாட்டுக்குச் செல்லவேண்டும் என்பதை ஒரு நடுவர் குழு தீர்மானித்தது. வர மறுத்தவளும், கைக்குழந்தையைப் பிரிய மாட்டாமல் அழுதவளும் உண்டு. 1952-இல் உச்ச நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. பெண்ணின் விருப்பத்துக்கு மாறாக அவளை அனுப்புவது முறையோ என்று அப்பணியிலேயே ஈடுபட்டிருந்த ராமேசுவரி நேரு ஆட்சேபித்தார். 1957-இல் சட்டம் காலாவதியாகும் முன்னர், இரு நாடுகளிலுமாகச் சுமார் 30,000 பேர் மீட்கப்பெற்றனர். தொண்டர்களின் தியாகத்தில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. அவர்கள் அன்போடு எடுத்துச் சொன்னார்கள். செவிசாய்க்கத்தான் அன்றைய ஏற்பாட்டில் இடமிருக்கவில்லை.

அவ்விடத்தை உண்டாக்க நெடுங்காலம் பிடித்தது. 2000-ஆம் ஆண்டில் பம்பாய் பாந்திராவிலுள்ள பாபா மாநகராட்சி மருத்துவமனையில் 'திலாசா' என்ற பிரிவு தொடங்கிற்று. திலாசா என்றால் ஆறுதல். மருத்துவமனைக்குள்ளேயே பயிற்சி பெற்ற ஒருவர், கொடுமைக்குள்ளான பெண்ணிடம் தனியறையில் பேசி, அடுத்து என்ன செய்யலாம் என்பதை அவளே முடிவு செய்ய உதவுகிறார். 2013-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பின், அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும் இலவசச் சிகிச்சை அளித்தே ஆகவேண்டும். புகார் எழுதிய பிறகே வைத்தியம் என்று திருப்பியனுப்ப இயலாது. 2015 முதல் 'சகி' மையங்களில் சிகிச்சை, சட்ட உதவி, தற்காலிகத் தங்குமிடம் ஆகியவற்றை ஒரே இடத்தில் பெற ஏற்பாடு உண்டு. தொலைபேசியில் 181-ஐ அழைக்கலாம்.

வேற்று மொழி வழங்கும் ஊரில் வாழும் நம் பெண்ணொருத்திக்கு மற்றுமொரு இடர் உண்டு. தனக்கு நேர்ந்ததை ஹிந்தியிலோ மராத்தியிலோ சொல்ல அவளுக்கு நா எழாது. அக்கம்பக்கத்துத் தமிழ்ப் பெண்மணி யாரேனும், அவள் சம்மதித்தால், உடன் சென்று மொழிபெயர்த்து உதவலாம். கணவரோ மாமியாரோ அவளுக்காகப் பதில் சொல்லத் தொடங்கினால், அவர்களைச் சற்று வெளியே இருக்கச் சொல்லும் வேலையும் அப்பெண்மணியைச் சேர்ந்ததே.