மூளை மென்மையாதலும் அழற்சியும்: முடியாத ஒரு விவாதத்தின் வரலாறு

பாரிஸ் நகரின் சால்பெட்ரியேர் மருத்துவமனையில் இறந்த முதிய பெண்களின் மூளைகளை அறுத்து ஆராய்ந்த லேயோன் ரோஸ்தான், பக்கவாதம் கண்டவர்களில் பலருக்கு மூளையில் இரத்தக்கசிவின் சுவடே இல்லாமல் ஒரு பகுதி மட்டும் கூழாகக் குழைந்திருப்பதைக் கண்டு, 1820இல் வெளியிட்ட நூலில் அந்நிலையை ‘மூளை மென்மையாதல்’ எனத் தனி நோயாக வகுத்தார். சுவிட்சர்லாந்தின் ஷாஃப்ஹவுசன் நகர மருத்துவர் வெப்ஃபர், 1658இல் மூளைக்குள் இரத்தம் கசிவது பக்கவாதத்திற்குக் காரணமாவதைப் பிணப் பரிசோதனையால் காட்டியிருந்தார். அந்த விளக்கத்திற்குள் அடங்காத நோயாளிகளுக்கு ரோஸ்தானின் நூல் ஓர் இடம் அளித்தது.

ஆனால் மூளை ஏன் மென்மையாகிறது என்பதில் கருத்து பிளவுபட்டது. சிவத்தல், வீங்குதல், சூடேறுதல், வலித்தல் ஆகிய நான்கு குறிகளைக் கொண்டு பண்டை ரோமானிய நூலாசிரியர் செல்சஸ் வரையறுத்த அழற்சியே இதற்கும் காரணம் என்று பிரெஞ்சு மருத்துவர் லல்லமான் வாதிட, முதியோரிடம் காணப்படும் மென்மையாதல் பெரும்பாலும் அழற்சியன்று, தமனிகள் இறுகிப்போவதோடு தொடர்புடைய சிதைவு என்று ரோஸ்தான் கருதினார். இது வெறும் ஏட்டுச் சண்டையன்று. ஏறத்தாழ எல்லா நோய்களுக்கும் அழற்சியே வேர் என்று பிரெஞ்சு மருத்துவர் புரூசே போதித்த காலம் அது. அழற்சி என்று முடிவானால் அட்டை விட்டு இரத்தம் வடிப்பதே சிகிச்சையாகும் என்பதால், 1833ஆம் ஆண்டில் மட்டும் பிரான்ஸ் நான்கு கோடிக்கும் மேற்பட்ட அட்டைகளை இறக்குமதி செய்தது. இரத்தம் போதாமல் அழிந்துகொண்டிருந்த மூளைக்கு அந்தச் சிகிச்சை என்ன செய்திருக்கும் என்பதை இன்று எளிதில் ஊகிக்கலாம்.

வேறிடத்தில் உருவான இரத்தக்கட்டி ஓட்டத்தோடு வந்து தமனியை அடைக்கும் என்று பெர்லினில் நோயியலாளர் விர்ஹோவ் 1840களில் நிறுவியதும் விவாதம் ரோஸ்தானின் பக்கம் சாய்ந்தது. அடைப்பே காரணம் என்ற முடிவு சரியானதுதான் எனினும், அதோடு சேர்த்து அழற்சியையும் கைவிட்டது அவசரம் என்றே சொல்ல வேண்டும். ஏனெனில் விர்ஹோவின் மாணவரான கோன்ஹைம், 1867இல் தவளையின் குடல்தாங்கு சவ்வை நுண்ணோக்கியில் வைத்து, இரத்த வெள்ளணுக்கள் நுண்குழாய்ச் சுவரில் ஒட்டி, அதை ஊடுருவித் திசுவுக்குள் நுழைவதை விவரித்ததோடு, அழற்சியின் அடிப்படைக் கோளாறு குழாய்ச் சுவரிலேயே உள்ளது என்றும் பின்னர் வாதிட்டார். 1919இல் மாட்ரிட்டில் ரியோ ஒர்தேகா, மூளைக்கே உரிய துப்புரவு உயிரணுக்களான மைக்ரோகிளியாவைத் தனியாக அடையாளம் கண்டார். இருந்தும், மூளை நோயெதிர்ப்பு மண்டலத்திலிருந்து ஒதுங்கிய உறுப்பு என்ற எண்ணம் வலுவாக இருந்ததால், அடைபட்ட பகுதியில் காணப்பட்ட வெள்ளணுக்கள் அழிவுக்குப் பின் குப்பை அள்ள வந்தவையாகவே நெடுங்காலம் கருதப்பட்டன.

அந்த எண்ணத்தை அசைத்தது ஒரு புதிர்: நின்றுபோன இரத்த ஓட்டத்தை மீண்டும் திறந்துவிட்டாலும் மூளையின் பல பகுதிகளில் இரத்தம் பாய்வதில்லை என்று 1968இல் ஏம்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் கண்டனர். வெள்ளணுக்கள் தந்துகிகளில், அதாவது மிக நுண்ணிய இரத்தக் குழாய்களில், சிக்கி வழியடைப்பதைப் பின்னாளைய விலங்கு ஆய்வுகள் காட்டின. தந்துகிகளைத் தழுவிக் கிடக்கும் பெரிசைட் அணுக்கள் சுருங்கி அவற்றை இறுக்குவது 2009இல் சுண்டெலிகளில் தெரியவந்தது. குழாயின் உட்சுவர் அணுக்கள் வெள்ளணுக்களைப் பற்றும் புரதங்களை வெளிக்காட்டுவதும், இரத்தத்திலுள்ள பொருள்கள் மூளைக்குள் கசியாமல் காக்கும் தடுப்பு தளர்ந்து வீக்கம் பெருகுவதும் இதே தொடரில் அடங்கும்.

அப்படியானால் அழற்சியை அடக்கினால் போதும் என்ற நம்பிக்கை பிறந்தது. அத்தகைய பற்றுப்புரதம் ஒன்றைத் தடுக்கும் என்லிமோமாப் என்ற எதிர்ப்பொருள் மருந்தைக் கொண்டு பக்கவாத நோயாளிகள் 625 பேரிடம் நடத்திய சோதனையின் முடிவு 2001இல் வெளியானபோது, மருந்து பெற்றவர்களின் நிலையே மோசமாக இருந்தது. சுண்டெலியிலிருந்து பெறப்பட்ட அந்த எதிர்ப்பொருளே வெள்ளணுக்களைத் தூண்டியிருக்கலாம் என்று பின்னர் விளக்கம் தரப்பட்டது. 2006இல் வெளிவந்த விலங்கு ஆய்வு ஒன்று வேறொரு சிக்கலைக் காட்டியது: குழாய்ச் சுவரைச் சுற்றியுள்ள புரதச் சட்டகத்தைச் சிதைக்கும் நொதிகளை முதல் நாளில் தடுத்தால் சேதம் குறைகிறது, ஒரு வாரம் கழித்துத் தடுத்தாலோ, புதிய இரத்தக் குழாய்கள் அமைவது குன்றி, மீட்சி பின்தங்குகிறது.