நீலகிரிக் காஞ்சொறி
நீலகிரிக் காஞ்சொறி (ஜிரார்டினியா டைவர்சிஃபோலியா): அர்டிகேசி குடும்பத்தைச் சேர்ந்த, சுணை மிகுந்த நார்ச்செடி. நீலகிரியிலும் இமயமலைச் சரிவுகளிலும் ஈரமான காட்டோரங்களில் வளர்கிறது. தோடர்கள் இதை வேகவைத்து நாரெடுத்து நூலாக்கினர். 19-ஆம் நூற்றாண்டில் உதகை தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளர் மக்ஐவர் இதைப் பயிரிட்டுப் பார்த்தார். ஆண்டுக்கு இரு அறுவடை கிடைத்தது.

சாகுபடி: மட்கு நிறைந்த, நீர் தேங்காத மண்ணும் நீடித்த ஈரமும் தேவை. வெப்பமான வறண்ட சமவெளியில் பாசனமும் நிழலும் இன்றித் தேறாது. அங்கே தானாக முளைக்கும் காஞ்சொறி (டிராகியா இன்வொலுக்ரேட்டா) ஆமணக்குக் குடும்பத்தது. அது சித்த மருத்துவத்தில் பயன்படும் மூலிகை, நார்ப்பயிர் அன்று. அர்டிகேசி குடும்பத்தின் சுணையற்ற உறவான ராமி, மழை மிகுந்த அசாமில் பயிராகிறது. அதற்கான ஆய்வு நிலையம் அங்குள்ள சோர்போக்கில் உள்ளது. வறண்ட நிலத்துக்கு ஏற்ற மாற்று நார்ப்பயிர்களுள் ஒன்று சிசால் கற்றாழை.