சோழமண்டலக் கரையின் மெழுகுத் தடுப்பு நீலம்

அவுரி இலையிலிருந்து எடுக்கும் நீலத்தில் பருத்தித் துணியைத் தோய்க்கும்போது, நீலம் வேண்டாத இடங்களை மெழுகால் மூடி உருவம் காட்டும் கைவினை. கலம்காரி எனப்படும் எழுதுதுணிகளின் நீலம் இவ்வாறு வந்ததே. எழுதுகோல் வேலை என்று பொருள்படும் அந்தப் பெயர் சாயத்தொட்டியின் பங்கை மறைத்துவிட்டது.

நீலம் தண்ணீரில் கரையாது. சுண்ணாம்பு நீரில் தகரை விதையை வேகவைத்துச் சேர்த்துப் புளிக்கவிட்டால், மஞ்சள் கலந்த பச்சையாகக் கரைந்து நிற்கும். தோய்த்த துணி காற்றுப் பட்டதும் மீண்டும் நீலமாகி, நிறம் இழைக்குள்ளேயே தங்கும். தூரிகையில் எடுத்தால் துணியில் ஏறுமுன்பே காற்று அதை மாற்றிவிடும். 18ஆம் நூற்றாண்டு ஐரோப்பியரால் நஞ்சான அரிதாரம் கலந்துதான் நீலத்தை எழுத முடிந்தது. ஆகவே கற்பவர் முதலில் பழக வேண்டியது தொட்டியை: மேலே செம்பு மினுக்குள்ள ஆடை, நீல நுரை, அடியில் பச்சை நீர். இவை இல்லாமல் துணியை இறக்கக் கூடாது.

தடுப்பு முறைகளை மூடும் பொருளைக் கொண்டு வகுப்பதே பொருத்தம். நூலால் இறுக்குவது கட்டு: மதுரைச் சுங்குடி, குஜராத்தின் பாந்தணி, ஜப்பானின் ஷிபோரி. துணிக்குப் பதில் நூலையே கட்டும் இக்கத்தும் இதில் சேரும். களிமண்ணும் சுண்ணாம்பும் கோந்தும் சேர்ந்த ராஜஸ்தானின் தாபு, மரவள்ளிக் கூழால் எழுதும் யோருபா மக்களின் அடிரே எலெகோ ஆகியவை பசை. மூன்றாவது மெழுகு. நீலத்தொட்டி கொதிப்பதில்லை என்பதால் மெழுகு அதில் நிலைக்கிறது. சிவப்புத் தரும் சாயவேருக்குக் கொதிநீர் வேண்டும். அங்கே மெழுகு உருகிவிடும். படிகாரம் தீட்டிய இடத்தில் மட்டும் சிவப்பு பிடிப்பதால் அங்கு அது தேவையும் இல்லை.

கடுக்காயும் எருமைப்பாலும் ஊட்டிய துணியில் முதலில் கறுப்பு, சிவப்புக் கோடுகள் ஏறும். பின்பு உருக்கிய மெழுகை, மயிர் சுற்றிய இரும்பு முனையால் பரப்புவர். சிறிது வெயிலில் காட்டினால் மெழுகு மறுபக்கம் வரை ஊறும்; மிஞ்சினால் பரவிக் கெடுக்கும். இந்த அளவு கண்ணால் பழகியே வரும். துணி நீலச் சாயக்காரரிடம் போய்த் திரும்பியபின், கொதிநீரில் மெழுகு நீங்கும். அதற்குப் பிறகே சிவப்பு நிரப்பப்படும். நீலத்தின்மேல் மஞ்சள் தீட்டினால் பச்சை. மஞ்சள் வெளுத்துவிடுவதால், அருங்காட்சியகத் துணிகளில் பல இலைகள் இன்று நீலமாகவே நிற்கின்றன. இவ்வேலைமுறையை இயேசு சபைப் பாதிரியார் கேர்தூ, தாம் திருமுழுக்கு அளித்த சாயக்கலைஞர்களிடம் கேட்டறிந்து 1742இல் கடிதமாக எழுதினார்.

1897இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். செயற்கை நீலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்ததும் அவுரிப் பயிர் சுருங்கியது. விழுப்புரம் வட்டாரத்தில் இன்றும் பயிராகிறது. காளஹஸ்திக் கலம்காரியில் மெழுகு வேலை பெரும்பாலும் விடுபட்டது.