எழுபத்தாறு இருக்கை வரம்பு: அமெரிக்கப் பெருநிறுவன, பிராந்திய விமானிகளின் தொழிலுறவு

டெல்டா என்று எழுதிய சிறு ஜெட்டில் ஏறும் அமெரிக்கப் பயணி, அதை ஓட்டுபவர் டெல்டாவின் ஊழியர் என்றே எண்ணுவார். பெரும்பாலும் அவர் வேறொரு நிறுவனத்தில் வேலை செய்பவர். ஊதியமும் வேறு, பணிமூப்புப் பட்டியலும் வேறு. நிர்வாகங்களின் சிக்கன நோக்கமே இதற்குக் காரணம் என்பது வழக்கமான விளக்கம். விமானிகளின் சொந்த ஒப்பந்தங்களுக்கும் இதில் பெரும்பங்கு உண்டு என்பது இக்கட்டுரையின் வாதம்.

விதை 1930களில் விழுந்தது. டேவ் பென்கி தலைமையில் 1931இல் உருவான ‘ஆல்பா’ என்னும் விமானிகள் சங்கத்தின் முதல் பெரிய வெற்றி, தேசியத் தொழிலாளர் வாரியத்தின் 83ஆம் தீர்ப்பு (1934). அது ஊதியத்தை விமானத்தின் வேகத்தோடு பிணைத்தது. பின்னாளில் எடையும் சேர்ந்தது. பெரிய விமானத்துக்குப் பெரிய சம்பளம் என்பது அன்று வேரூன்றியது. பணிமூப்போ ஒரு நிறுவனத்துக்குள் மட்டுமே செல்லும். இருபது ஆண்டு பறந்தவரும் நிறுவனம் மாறினால் பட்டியலின் கடைசியில்தான் நிற்க வேண்டும்.

1978ஆம் ஆண்டின் கட்டுப்பாட்டு நீக்கச் சட்டத்துக்குப் பின், சிற்றூர்ப் பயணிகளை மைய நிலையங்களுக்குக் கொண்டுவரும் வேலை ‘பிராந்திய நிறுவனங்கள்’ எனப்படும் சிறு நிறுவனங்களின் கைக்குப் போனது. அவற்றிடம் இருந்தவை பெரும்பாலும் புரொப்பெல்லர் விமானங்கள். பெருநிறுவன விமானிகளுக்கு அந்த வேலையில் நாட்டமில்லை, விட்டுக்கொடுத்தார்கள். 1993இல் காம்ஏர் என்னும் பிராந்திய நிறுவனம் 50 இருக்கை கனடேர் ஜெட்டைக் கொண்டுவந்ததும் அவர்களுக்கு அச்சம் பிறந்தது. வெளியே கொடுக்கும் விமானத்தின் இருக்கை, எடை, எண்ணிக்கை ஆகியவற்றுக்கு வரம்பு கட்டும் ‘ஸ்கோப்’ பிரிவுகளை ஒப்பந்தங்களில் இறுக்கினார்கள்.

1997 பிப்ரவரி 15 நள்ளிரவில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானிகள் தொடங்கிய வேலைநிறுத்தத்தை அதிபர் கிளின்டன் சில நிமிடங்களிலேயே தடுத்தார். சிறு ஜெட்களை யார் ஓட்டுவது என்பது அதன் மையப் பிரச்சினைகளுள் ஒன்று. கடைசியில் துணை நிறுவனமான ஈகிளின் விமானிகளே ஓட்டினர். அதே ஆண்டு ஏற்பட்ட உடன்பாட்டில் ஈகிள் விமானிகள் தாய்நிறுவனத்துக்கு ஏறவும், ஆட்குறைப்புக் காலத்தில் தாய்நிறுவன விமானிகள் ஈகிளுக்கு இறங்கவும் வழி செய்யப்பட்டது.

டெல்டாவில் கசப்பு இன்னும் ஆழம். காம்ஏரை டெல்டா விலைக்கு வாங்கிய பிறகும் இரு விமானிப் பட்டியல்களை ஒன்றாக்கும் கோரிக்கையை ஆல்பா ஏற்கவில்லை. 2001 மார்ச் 26 முதல் காம்ஏரின் சுமார் 1,350 விமானிகள் 89 நாள் வேலைநிறுத்தம் செய்து ஊதிய உயர்வு பெற்றனர். அதே ஆண்டு பிராந்திய விமானிகளில் ஒரு பகுதியினர் தங்கள் சங்கத்தின்மீதே வழக்குத் தொடுத்தனர். இரு தரப்பிடமும் சந்தா வாங்கும் சங்கம், ஒரு தரப்பின் வேலையைச் சுருக்கும் வரம்புகளை மறு தரப்புக்காகப் பேசி வாங்குகிறது என்பது குற்றச்சாட்டு. அதைப் புறந்தள்ள முடியாது. 2012 செப்டம்பரில் டெல்டா காம்ஏரை மூடியது.

2009 பிப்ரவரியில் பஃபலோ அருகே, பிராந்திய நிறுவனமான கோல்கனின் விமானம் விழுந்து 50 பேர் இறந்தனர். பயணச்சீட்டு பெருநிறுவனமான கான்டினென்டலின் பெயரில் விற்கப்பட்டது. துணை விமானி முதல்நாள் இரவு சியாட்டிலிலிருந்து பயணம் செய்தே பணிக்கு வந்திருந்தார். களைப்பும் குறைந்த சம்பளமும் அப்போதுதான் நாடாளுமன்றத்தின் காதில் விழுந்தன. 2013 முதல் துணை விமானிக்கும் பொதுவாக 1,500 மணிநேரப் பறப்பு கட்டாயமானது. விழுந்த விமானத்தின் விமானிகள் இருவருமே அதற்கு மேல் பறந்தவர்கள் என்பதையும் குறித்தாக வேண்டும். விதியின் விளைவு வேறிடத்தில் தெரிந்தது: ஆள் கிடைப்பது அரிதாயிற்று. பெருந்தொற்றுக்குப் பின் பெருநிறுவனங்கள் விமானிகளை அள்ளிக்கொள்ள, 2022 ஜூனில் என்வாய், பீட்மான்ட் ஆகிய பிராந்திய நிறுவனங்கள் துணை விமானியின் தொடக்க ஊதியத்தை மணிக்கு 90 டாலராக்கின. சங்கம் பல்லாண்டு கேட்டும் கிடைக்காததை ஆள்பற்றாக்குறை தந்தது.

ஸ்கோப் வரம்பு மட்டும் அசையவில்லை. 2019இல் யுனைடெட், 70 இருக்கை விமானங்களில் இருக்கைகளைக் கழற்றி 50 ஆக்கி இயக்கத் தொடங்கியது. 50 இருக்கைக்கு மேற்பட்ட ஜெட்களின் எண்ணிக்கைக்கு வரம்பு இருந்ததால், ஒப்பந்தம் அனுமதித்த வழி அது. பெருநிறுவன ஒப்பந்தங்களின் இன்றைய உச்சவரம்பு 76 இருக்கை, 86,000 பவுண்டு எடை. பிரேசிலின் எம்ப்ரேயர் உருவாக்கிய இ175-இ2 அந்த எடையைத் தாண்டியதால் அமெரிக்கப் பிராந்திய நிறுவனங்களால் அதை வாங்க இயலவில்லை. 2022இல் எம்ப்ரேயர் அந்தத் திட்டத்தை நிறுத்திவைத்தது.