மது உரிம மீறல் தண்டனைகள் (இங்கிலாந்து, வேல்ஸ்)

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மது விற்கும் நிறுவனங்கள் 2003ஆம் ஆண்டின் உரிமச் சட்டத்துக்கு உட்பட்டவை. இது 2005 நவம்பரில் முழு நடைமுறைக்கு வந்தது. மீறல்களுக்கு இரு வகை நடவடிக்கைகள் உண்டு.

குற்றவியல் தண்டனை: உரிமமின்றியோ உரிம நிபந்தனைக்கு மாறாகவோ மது விற்றால் ஆறு மாதம் வரை சிறை, வரம்பற்ற அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். முன்பு அபராத உச்சவரம்பு 20,000 பவுண்டாக இருந்தது, 2015இல் நீக்கப்பட்டது. உரிய கவனத்துடன் நடந்துகொண்டதை நிறுவுவது எதிர்வாதமாகும். போதையில் இருப்பவருக்குத் தெரிந்தே விற்றால் அபராதம் 1,000 பவுண்டு வரை. ஒரே கடையில் தொடர்ந்த மூன்று மாதங்களுக்குள் இருமுறை 18 வயது நிரம்பாதோருக்கு விற்றால் உரிமதாரர் மீது வழக்குத் தொடரலாம். வழக்குக்குப் பதிலாக, 48 முதல் 336 மணி நேரம் வரை மது விற்பனையை நிறுத்திவைக்கக் காவல்துறை வாய்ப்பளிக்கலாம்.

உரிம மறுஆய்வு: காவல்துறையோ குடியிருப்போரோ கோரினால் உள்ளாட்சி மன்றம் உரிமத்தை மறுஆய்வு செய்யும். நிபந்தனைகளை மாற்றவும், மது விற்பனைக்குப் பொறுப்பாக உரிமத்தில் குறிப்பிடப்பட்ட மேற்பார்வையாளரை நீக்கவும், மூன்று மாதம் வரை உரிமத்தை நிறுத்திவைக்கவும், ரத்துசெய்யவும் அதற்கு அதிகாரம் உண்டு. முடிவை எதிர்த்து 21 நாட்களுக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.