பாட்டாவே வெடிச்ச பணத் தகராறு!
அமெரிக்காவின் காம்ப்டன் நகரில் உருவான ராப் குழு என்.டபிள்யூ.ஏ. 1988-ல் வந்த இவங்களோட 'ஸ்ட்ரெய்ட் அவுட்டா காம்ப்டன்' ஆல்பம் செம ஹிட். அதில் பல வரிகளை எழுதிய ஐஸ் க்யூப், உழைப்புக்கேத்த பணம் வரலைன்னு 1989-ல் வெளியேறினார். பழைய நண்பர்கள் அவரைத் துரோகின்னு பாட்டுலயே வம்பிழுத்தாங்க. சும்மா விடுவாரா மனுஷன்? 1991-ல் 'நோ வாஸலின்' பாடலில் எல்லோரையும் வெளுத்து வாங்கினார். எதிராளியைத் தாக்கும் 'டிஸ் ட்ராக்' வகையில் இன்னிக்கும் இது கெத்தான பாட்டு!

அடுத்து டாக்டர் ட்ரேவும் பிரிய, அவருக்கும் ஈஸி-ஈக்கும் பாட்டுச் சண்டை. 1995-ல் எய்ட்ஸ் பாதிப்பால் ஈஸி-ஈ இறந்துட்டார். 2016-ல் குழுவுக்கு 'ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம்' கௌரவம் கிடைச்சப்போ, மேடையில் அவர் மட்டும் இல்லை.